திண்டிவனத்துக்கு ஒரு டிக்கெட், கூடவே ஓர் அன்னக்கிளி!

விழுப்புரம் புது பஸ் ஸ்டாண்டில் காலை எட்டு மணிக்கு ஜன்னலோரம் இடம் கிடைத்தால், அன்றைக்கு நரி முகத்தில் விழித்திருக்கிறோம் என்று வைத்துக்கொள்ளலாம். போன ஐப்பசியில் ஒருநாள் எனக்கு அப்படிக் கிடைத்தது. மடியில் அம்மாவுக்காகக் கட்டிய சோற்றுத் தூக்கு, கைப்பையில் பிள்ளையிடம் கடன் வாங்கிய செல்போன். என்னுடையதில் ஒலிப்பதிவு சரியாக வராதாம்!

டிரைவர் ஏறினார். வண்டியைக் கிளப்புவதற்கு முன்னால் பாட்டைக் கிளப்பினார். தனியார் பஸ் அல்லவா! முதலில் ஜானகி அம்மாவின் குரல் மட்டும் தனியாக, வார்த்தையில்லாமல், எங்கோ வயல்வெளிக்கு அப்பாலிருந்து வருகிற மாதிரி... அன்னக்கிளி!

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஏனென்றால் நான் திண்டிவனத்துக்குப் புறப்பட்டதே ஒரு பாட்டுக்காகத்தான்.

விஷயம் இதுதான். என் பெண்ணுக்கு எட்டாம் மாதம். தலைப்பிரசவம். அதே சமயத்தில் திண்டிவனம் பக்கத்துக் கிராமத்தில் இருக்கும் என் அம்மாவுக்குக் கழுத்தில் தைராய்டு கட்டி. எழுபது வயதில் ஆபரேஷன் வேண்டுமா என்று நாங்கள் தயங்கினோம். கட்டி மூச்சுக்குழலை அழுத்துகிறது, எடுத்துவிடுவதே நல்லது என்று டாக்டர் சொல்லிவிட்டார். கூடவே இன்னொன்றும் சொன்னார். குரலுக்குப் போகிற நரம்பு அந்தச் சுரப்பியை ஒட்டியே போகிறதாம். ஆபரேஷனுக்குப் பிறகு கொஞ்ச நாள் குரல் கம்மிப்போகலாம், பெரும்பாலும் தானே சரியாகிவிடும், அபூர்வமாகச் சிலருக்கு அப்படியே நின்றுவிடுவதும் உண்டு என்றார். பயமுறுத்துவதற்காக அல்ல, சொல்ல வேண்டியது கடமை என்றார்.

அன்று ராத்திரி என் பெண்தான் ஆரம்பித்தாள். "அம்மா, ஆயா உனக்குப் பாடின தாலாட்டை எனக்கு ரெக்கார்டு பண்ணிக் குடும்மா. எனக்குத்தான் ஒண்ணும் தெரியாதே. குழந்தைக்கு யூட்யூபையா போட்டுக் காட்டுவேன்?"

சுருக்கென்றது. எனக்கு மட்டும் தெரியுமா என்ன? அவளுக்கு நான் பாடியது என்ன என்று யோசித்துப் பார்த்தேன். இரண்டு வரி அம்மாவுடையது, மீதி சினிமா. அதனால்தான் இந்தப் பயணம்.

பஸ்ஸுக்கு வருவோம். பாட்டு தொடங்கியதும் என் பக்கத்தில் வெற்றிலை மென்றுகொண்டிருந்த பாட்டியின் வாய் நின்றது. தலை மட்டும் மெல்ல ஆடியது. முன் சீட்டில் காதில் ஒயர் மாட்டிக்கொண்டிருந்த கல்லூரிப் பெண் ஒரு காதை விடுவித்துக்கொண்டாள். சில்லறை கொடுத்துக்கொண்டிருந்த கண்டக்டருக்கு இருபத்தைந்து வயதுக்கு மேல் இருக்காது. அவர் உதடும் கூடவே அசைகிறது! அந்தப் படம் 1976 மே 14-ம் தேதி வெளிவந்தது. நானே அப்போது பிறக்கவில்லை. அரை நூற்றாண்டுப் பழைய பாட்டுக்கு ஒரு பஸ் முழுக்கச் சொந்தம் கொண்டாடுகிறது, பாருங்களேன்!

அன்னக்கிளி வந்த கதை பல பேருக்குத் தெரிந்திருக்கும். இருந்தாலும் இளம் தாய்மார்களுக்காகச் சொல்லி வைக்கிறேன். அப்போது பட்டணத்து ரேடியோப் பெட்டிகளில் இந்திப் பாட்டுக்குத்தான் ராஜ மரியாதை. ஆராதனா, பாபி என்று மொழி புரியாமலே முணுமுணுப்பார்களாம். அந்த நேரத்தில் பஞ்சு அருணாசலம், மேசையில் தாளம் தட்டிக் கிராமத்து மெட்டுகளைப் பாடிக் காட்டிய ஓர் இளைஞரை நம்பி ஒரு படத்தையே ஒப்படைத்தார். ராசையா என்ற அந்தப் பெயருக்கு 'இளையராஜா' என்று புதுப் பெயர் வைத்ததும் அவர்தான். பழைய ஏ.எம். ராஜா ஏற்கெனவே இருந்தாரே, அதனால் இவர் இளையவர். தேவராஜ் - மோகன் டைரக்ஷன், சிவகுமார், சுஜாதா நடிப்பு. முதல் பாட்டுப் பதிவின்போது மின்சாரம் போய்விட்டதாம். அபசகுனம் என்று அன்றைக்கே மூட்டை கட்டியிருந்தால் என்ன ஆகியிருக்கும்!

அதற்கு முன்னால் சினிமாவில் நாட்டுப்புற மெட்டே இல்லையா என்று கேட்காதீர்கள். கே.வி. மகாதேவன் எத்தனையோ அழகாகப் போட்டிருக்கிறார். ஆனால் இந்தப் படத்தில் பாட்டுகள் மொத்தமாகவே வயலிலிருந்தும் களத்துமேட்டிலிருந்தும் எழுந்து வந்தன. நெல் குத்துகிற பாட்டு, மச்சானைத் தேடுகிற பாட்டு... அதற்கு அடியில் கிதாரும் வயலினும் மேல்நாட்டு முறையில் ஒன்றையொன்று தாங்கிக்கொண்டு போகும். மயிலாப்பூரில் தன்ராஜ் மாஸ்டரிடம் மேல்நாட்டு சங்கீதம் படித்தவர் அல்லவா! பண்ணைப்புரத்து அம்மா பாடியதையும் மாஸ்டர் சொல்லிக் கொடுத்ததையும் ஒரே அடுப்பில் ஏற்றினார். எனக்கு சங்கீத ஞானம் கிடையாது. என் பிள்ளை கிதார் வாசிப்பான், அவன் சொன்னதைத்தான் சொல்கிறேன்.

அவன் இன்னொன்றும் சொல்வான். இங்கிலாந்தில் 1967-ல் பீட்டில்ஸ் என்ற நாலு பையன்கள் 'சார்ஜன்ட் பெப்பர்' என்று ஓர் இசைத்தட்டு போட்டார்களாம். இன்றைக்கும் ராக் இசையில் அதற்கு முன், அதற்குப் பின் என்று பேசுகிறார்களாம். அதில் ஒரு பாட்டில் நம்ம ஊர் வாத்தியங்களும் உண்டு. அந்த நால்வரில் ஜார்ஜ் ஹாரிசன், ரவிசங்கரிடம் சிதார் கற்றவர். அடுத்த வருஷமே நாலு பேரும் ரிஷிகேசத்துக்கு வந்து உட்கார்ந்துவிட்டார்கள். "அவங்க நம்ம சிதாரைத் தேடிக்கிட்டு இங்க வந்தாங்க, நம்ம ஆளு அவங்க கிதாரை எடுத்து நாத்தங்காலுக்குள்ள வச்சிட்டாரும்மா" என்பான். அம்மாவுக்குப் புரிகிற மாதிரிச் சொல்லத் தெரிந்த பிள்ளை!

முண்டியம்பாக்கம் வந்தது. இந்தப் பக்கம் சர்க்கரை ஆலைக்குப் போகிற கரும்பு வண்டிகள், அந்தப் பக்கம் மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி. அடுத்த வாரம் அம்மாவை இங்கேதான் சேர்க்க வேண்டும். அந்தக் கட்டடத்தைக் கண் எடுக்காமல் பார்த்துக்கொண்டே போனேன். பாட்டு எப்போது மாறியது என்றே தெரியவில்லை.

விக்கிரவாண்டி தாண்டினால் இரண்டு பக்கமும் பனைமரங்கள். முன்பெல்லாம் இந்தச் சாலை முழுக்கப் புளியமரக் கூடாரம்தான். நாலு வழிச் சாலை போட்டபோது போய்விட்டது. திண்டிவனத்துக்குப் பேரே புளியங்காட்டால் வந்ததுதான். திந்திரிணி என்றால் புளி. ஊரில் திந்திரிணீஸ்வரர் என்றே சிவன் கோயில் இருக்கிறது. ஊருக்குள் கிடங்கல் என்று ஓர் இடம். அங்கே பழைய கோட்டைச் சுவடு உண்டு. பத்தாம் வகுப்பில் எங்கள் தமிழாசிரியை அதைச் சொல்லும்போது அவர் முகத்தில் ஒரு பெருமை வரும். சிறுபாணாற்றுப்படையில் வருகிற ஓய்மா நாட்டு நல்லியக்கோடனின் ஊராம் அது. யாழைத் தூக்கிக்கொண்டு வயிற்றுக்கில்லாமல் வந்த பாணர்களுக்கு, 'இந்த வழியாகப் போ, அங்கே சோறும் மரியாதையும் கிடைக்கும்' என்று வழி காட்டுகிற பாட்டு. மீன் சுடுகிற வாசனை வரை எல்லாம் அதில் வரும் என்பார். இரண்டாயிரம் வருஷமாகப் பாட்டுக்காரர்கள் நடந்த வழியில் நான் செல்போனோடு போகிறேன்!

கூட்டேரிப்பட்டில் பஸ் நின்றது. மயிலம் இருக்கிற திசையைப் பார்த்து, "முருகா, அம்மா குரலைக் காப்பாத்திக் குடு" என்று கன்னத்தில் போட்டுக்கொண்டேன்.

திண்டிவனத்தில் இறங்கி, மரக்காணம் சாலையில் டவுன் பஸ் பிடித்து, ஊர் போய்ச் சேரும்போது மணி பத்தரை. அம்மா திண்ணையில் வேர்க்கடலை உரித்துக்கொண்டிருந்தாள். கழுத்தில் கட்டி முன்னைவிடப் பெரிசாகத் தெரிந்தது. "இன்னாடி இது, சொல்லாம கொள்ளாம!" என்றாள். குரல் இப்போதே கொஞ்சம் கரகரப்புத்தான்.

விஷயத்தைச் சொன்னேன். வெட்கம் வந்துவிட்டது அம்மாவுக்கு. "பாட்டா? நானா? தோ பாரு, இந்தக் கழுத்த வச்சிக்கினா?" அப்புறம் கொள்ளுப்பேரனோ பேத்தியோ கேட்கப்போகிறது என்றதும் முந்தானையால் வாயைத் துடைத்துக்கொண்டு தயாரானாள். செல்போனைத் திண்ணைத் தூணில் சாய்த்து வைத்தேன்.

அம்மா கண்ணை மூடிக்கொண்டு எடுத்தாள் பாருங்கள்... அன்னக்கிளி!

"அம்மா, அம்மா! இது சினிமாப் பாட்டும்மா. எனக்கு நீ பாடின தாலாட்டைக் கேக்கறேன்."

"இதாண்டி உனக்குப் பாடினேன். உங்கண்ணனுக்கும் இதான், உனக்கும் இதான், தம்பிக்கும் இதான்."

எனக்கு என்ன சொல்வது என்றே தெரியவில்லை. காதலனைத் தேடி ஏங்குகிற பாட்டைத் தாலாட்டாகப் பாடியிருக்கிறாள்! நான்தான் இத்தனை வருஷமாக அது அம்மாவின் பாட்டு, சினிமாக்காரர்கள் எடுத்துக்கொண்டார்கள் என்கிற மாதிரி நினைத்திருந்தேன் போலும்.

அம்மா சொன்ன கதை இது. அப்போது அவளுக்கு இருபது, இருபத்தொரு வயது. அண்ணன் வயிற்றில். டீக்கடையில் சிலோன் ரேடியோ அலறும். நடவுக்குப் போகிற வழியில் பெண்கள் எல்லாரும் அங்கே ஒரு நிமிஷம் நிற்பார்களாம், முதலாளியம்மா திட்டுவாள் என்று தெரிந்தும். "நெல்லுக் குத்தற பாட்டு ரேடியோவுல வருதுன்னா நம்ப முடியலடி. நாங்க பாடினா 'இன்னா சத்தம் இது, சேத்துல நிக்கிறதுங்க'ன்னு சிரிப்பாங்க. டவுன்லேர்ந்து வந்த பொண்ணுங்க முன்னால வாயத் தொறக்க மாட்டோம். அந்தப் படம் வந்தப்புறம் அதே பொண்ணுங்க வரப்புல வந்து உக்காந்து, 'இன்னொருக்கா பாடுங்கக்கா'ன்னு கேட்டுச்சிங்க."

பிறகு படமே டூரிங் டாக்கீசுக்கு வந்ததாம். நிறைமாதத்தில் மணலில் உட்கார்ந்து பார்த்தாளாம் அம்மா. படத்தில் சுஜாதா கிராமத்து மருத்துவச்சி. "அவ ஒரு பிரசவம் பாக்கற வூட்டுக்குப் போறா, எனக்கு இங்க வயித்துல ஒதைக்கிறான் உங்கண்ணன்" என்று சிரித்தாள். அந்த வருஷம் வேர்க்கடலை விற்ற பணத்தில் அப்பா டிரான்சிஸ்டர் வாங்கினார். நகை வாங்கித் தராத மனுஷன் பாட்டுப் பெட்டி வாங்கித் தந்தாரே என்று அம்மாவுக்கு இன்றும் பெருமை. அப்பா போய் ஒன்பது வருஷம் ஆகிறது. அந்த டிரான்சிஸ்டர் இன்னும் பரணில் இருக்கிறது, பாடாது.

இதற்குள் பக்கத்து வீட்டிலிருந்து பெரியம்மா கோலூன்றிக்கொண்டு வந்துவிட்டாள். எண்பதைத் தாண்டிய கட்டை. அந்தக் காலத்தில் நடவில் பாட்டு எடுத்துக் கொடுப்பவள் அவள்தான். அவள் ஒரு அடி எடுப்பாள், இருபது பேர் பின்னால் வாங்கிப் பாடுவார்களாம். விஷயம் தெரிந்ததும் பெரியம்மா கோபித்துக்கொண்டாள்.

"அது தெக்கத்தி மெட்டுடி. மதுர அந்தாண்ட. நம்ம ஊரு மெட்டே வேற. எங்கம்மா பாடினது வேற."

"அப்ப நீங்க பாடுங்க பெரியம்மா."

"எங்கத்தப் பாடறது? ரேடியோ வந்திச்சி, இதுங்கல்லாம் சினிமாவத்தான் எடுத்துக்குடுன்னுதுங்க. நாலு நடவு பாத்தேன், அஞ்சாம் நடவுல வாய மூடிக்கினேன். ஒருத்தியும் இன்னாக்கா பாடலன்னு கேக்கல."

அம்மா தலையைக் குனிந்துகொண்டு கடலை உரித்தாள். கேட்காதவர்களில் அவளும் ஒருத்தி போலிருக்கிறது. ஐம்பது வருஷமாக அடுத்தடுத்த வீட்டில் இருக்கிறார்கள், குழம்பு பரிமாறிக்கொள்கிறார்கள். இந்தப் பேச்சு அவர்களுக்குள் அதுவரை வந்ததே இல்லையாம்.

எனக்கு இரண்டு பேர் பேச்சும் நியாயமாகப் பட்டது. சேற்றில் நிற்கிறவர்கள் பாட்டுக்கு மரியாதை கிடைத்தது உண்மை. அடுத்த வருஷமே 16 வயதினிலே வந்தது, ஜானகிக்கு தேசிய விருதே கிடைத்தது. பட்டிக்காட்டு மெட்டு என்று முகம் சுளித்தவர்கள் வீட்டுக் கல்யாணத்தில் அதே மெட்டை நாயனத்தில் வாசித்தார்கள். அந்த மெட்டைத் தந்த மனிதர் 2025 மார்ச் 8-ம் தேதி லண்டனில் மேல்நாட்டு வாத்தியக் குழுவை வைத்துத் தன் சிம்பொனியை அரங்கேற்றிவிட்டும் வந்தார். ஆனால் எங்கள் ஊரில் இருபது பெண்கள் பின்பாட்டுப் பாடிய ஒரு வாய் மூடிக்கொண்டதும் உண்மைதானே? ரேடியோவையா குற்றம் சொல்வது? எடுத்துக்கொடுக்கச் சொல்லிக் கேட்காத நம்மையும் சேர்த்துத்தான் சொல்ல வேண்டும். என் பங்குக்கு, நாற்பத்தேழு வயது வரை நானும் கேட்கவில்லை.

நான் இளையராஜா சொன்ன கதை ஒன்றைச் சொன்னேன். பிள்ளைகள் பட்டணம் போக அவர் தாயார் சின்னத்தாயம்மாள் வீட்டிலிருந்த ரேடியோவை விற்று நானூறு ரூபாய் கொடுத்து அனுப்பினாராம். பெரியம்மா இதைக் கேட்டுக் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "அவளுக்கும் பாட்டு தெரியுமா?" என்றாள்.

"அவங்க பாடினதக் கேட்டுத்தான் எல்லாம் வந்துதுன்னு மகனே சொல்றாரு பெரியம்மா."

"பாத்தியா!" என்றாள். யார் பக்கம் ஜெயித்ததாக எடுத்துக்கொண்டாளோ!

கோலைத் திண்ணையில் சாய்த்துவிட்டு உட்கார்ந்தாள். நான் ஓசைப்படாமல் செல்போனைத் தட்டிவிட்டேன். முதலில் வெறும் இழுவைதான். அப்புறம் வார்த்தைகள் ஒவ்வொன்றாக வந்தன. எங்கள் ஊர் ஏரி, மதகு, புளியந்தோப்பு, அதைக் காவல் காக்கிற தாய்மாமன் என்று ஊரையே ஒரு சுற்று சுற்றி வந்து தொட்டிலில் முடிகிற தாலாட்டு. ஜானகி அம்மா பாட்டு மாதிரி மேலே ஏறாது. ஒரே இடத்தில் நின்று தூளி ஆடுகிற மாதிரி ஆடும். மூன்றாம் சுற்றில் பெரியம்மாவுக்கு அடி மறந்துபோயிற்று. திணறினாள்.

அப்போது அம்மா எடுத்துக் கொடுத்தாள்!

தனக்கு ஒன்றும் ஞாபகம் இல்லை என்று சொன்னவள், கடலையைப் பார்த்துக்கொண்டே, அந்தக் கரகரத்த குரலில் அடுத்த அடியைச் சரியாக எடுத்தாள். பெரியம்மா வாங்கிக்கொண்டாள். இரண்டு பேரும் மாறி மாறிப் போனார்கள். கடைசியில் வார்த்தை தீர்ந்து வெறும் ராகமாக இழுத்தபோது அம்மாவின் குரல் அறியாமல் அன்னக்கிளி மெட்டுக்குள் சறுக்கிவிட்டது. பெரியம்மா முறைத்தாள். பிறகு அவளும் கூடவே போய்விட்டாள். மொத்தம் நாலே கால் நிமிஷம். நடுவில் ஒரு கோழி கத்தும், டவுன் பஸ் ஹாரன் ஒன்றும் இருக்கும்.

சாயங்காலம் திரும்பி வருகிற பஸ்ஸில் பாட்டே இல்லை. நல்ல மழை வேறு. நான் செல்போனைக் காதோடு வைத்து விழுப்புரம் வரைக்கும் திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டே வந்தேன்.

அடுத்த வாரம் அம்மாவுக்கு ஆபரேஷன் ஆயிற்று. கட்டி சாதாரணக் கட்டிதான் என்று ரிப்போர்ட் வந்துவிட்டது, முருகன் புண்ணியம். இருபது நாள் ஆகிறது. குரல் இன்னும் திரும்பவில்லை. காற்று மட்டும் வருகிறது. பேச்சுப் பயிற்சிக்கு வரச் சொல்லியிருக்கிறார்கள். கொஞ்சம் கொஞ்சமாகத்தான் வரும், பொறுக்க வேண்டும் என்கிறார்கள்.

முந்தாநாள் என் பெண் அம்மாவைப் பார்க்க வந்தாள். பாட்டைப் போட்டாள். "இதுல எதும்மா சினிமா, எது ஆயாவோடது?" என்று கேட்டாள். அந்தக் கடைசி இழுவை வந்தபோது நான் சொல்லத்தான் வாயெடுத்தேன். அம்மா என் கையைப் பிடித்து நிறுத்தினாள். காதருகில் குனிந்தேன். காற்றுக் குரலில் சொன்னாள், "ஏரிக்கரைப் புள்ளையார வுட்டுட்டோம்டி. மதகுக்கு அப்புறம் அவருக்கு ஒரு அடி இருக்குது. அக்காளை இட்டா."

நாளைக் காலை எட்டு மணி பஸ்ஸுக்குத் திண்டிவனம் புறப்படுகிறேன், பெரியம்மாவை அழைத்து வர.